மென்பொருள் கையேட்டுக்கும் ஓர் ஒழுங்கு வேண்டும்

ஆசிரியர் அவர்கட்கு,

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பாடசாலைக் கணினிக் கூடம், நூலகம், சங்கக் கணக்குப் பிரிவு என்று திறந்த மூல மென்பொருளை (யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய நிரல் கொண்டதை) பாவிக்கும் இடங்களில் தமிழ்க் கையேடுகளும் கைமாறுகின்றன. எழுதியவர்களின் உழைப்பு அவற்றில் தெரிகிறது. ஆனால் பெரும்பாலானவை ஒரே ஒரு நீண்ட வேர்ட் கோப்பு. பக்கத்துக்குப் பக்கம் திரையின் படம், படத்துக்குக் கீழே இரண்டு வரி. மென்பொருளின் அடுத்த பதிப்பு வந்து பட்டியல் ஒன்று இடம் மாறியதும் எந்தெந்தப் பக்கத்தைத் திருத்துவது என்று எழுதியவருக்கே தெரியாமல் போகிறது. ஆறு மாதத்தில் கையேடு அலுமாரிக்குள் போய்விடும். இது எழுதுபவரின் குறையன்று. கட்டமைப்போடு எழுதும் முறையை எவரும் அவர்களுக்குத் தமிழில் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்த முறையின் முக்கியமான சொற்களையும் கருவிகளையும், அவை தமிழில் எங்கே இடறுகின்றன என்பதையும் இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். நூலக மென்பொருள் கையேடுகளில் இந்த மாதிரி வரிகளைப் பார்க்கலாம்: "அங்கத்தவரின் விபரங்களைக் கொடுத்து நூலைத் தெரிவு செய்து சேமித்தால் நூல் இரவல் வழங்கப்பட்டுவிடும்." கோஹா என்ற நூலக மென்பொருளில் இந்த வேலையைக் கட்டமைப்போடு எழுதினால் அது வேறு உருவம் எடுக்கும். தலைப்பு: "நூலை இரவல் வழங்கல்". அடுத்து முன்தேவை: உங்கள் கணக்குக்கு இரவல் வழங்கும் அனுமதி இருக்க வேண்டும், உள்நுழைந்தபோது தெரிவு செய்த கிளை சரியானதாக இருக்க வேண்டும். பிறகு படிகள். ஒன்று, இரவல் வழங்கல் பக்கத்தைத் திறக்கவும். இரண்டு, அங்கத்தவர் அட்டையின் பட்டைக்குறியை வருடவும். மூன்று, நூலின் பட்டைக்குறியை வருடவும். அதன்பின் விளைவு: நூலின் தலைப்பும் திருப்பித் தரவேண்டிய திகதியும் அங்கத்தவரின் பட்டியலில் தோன்றும். கடைசியில் பிழை நேர்ந்தால் செய்வது. பட்டைக்குறி எண் பெட்டியில் விழுந்தும் திரை அசையாமல் நின்றால், வருடி எண்ணின் முடிவில் என்டர் விசையை அனுப்பவில்லை. வருடியின் அமைப்பை மாற்றவும், அதுவரை கையால் என்டரை அழுத்தவும். நூல் வேறொருவர் பெயரில் இருப்பதாக மென்பொருள் கேட்டால், முன்னர் திரும்பி வந்தபோது அதைப் பதியாமல் தட்டில் வைத்துவிட்டார்கள் என்பதே வழக்கமான காரணம்.

முன்தேவை, படி, விளைவு, பிழை என்ற இந்த வரிசை ஒவ்வொரு வேலைக்கும் மாறாமல் வரவேண்டும். ஒரு படியில் ஒரே ஒரு செயல். எச்சரிக்கை எப்போதும் அந்தப் படிக்கு முன்னால். "அழி பொத்தானை அழுத்தவும். கவனம்: அழித்தால் மீளப் பெற முடியாது" என்று எழுதினால், வாசகர் இரண்டாவது வசனத்துக்கு வருமுன் பதிவு போய்விட்டிருக்கும்.

இனிச் சொற்கள். கட்டமைப்பு ஆவணத்தின் அடிப்படை அலகை "டொபிக்" என்பார்கள். தமிழில் "தலைப்பலகு" எனலாம். தனியாக எடுத்து வாசித்தாலும் பொருள் தரக்கூடிய சிறு துண்டு அது. துண்டுகள் மூன்று வகை. ஒன்றை விளக்குவது கருத்து அலகு. எப்படிச் செய்வது என்று சொல்வது செயல் அலகு. அட்டவணை, விருப்பங்கள், பிழைச்செய்தி எண்கள் போன்றவற்றை அடுக்கித் தருவது உசாத்துணை அலகு. டிட்டா என்ற முறை இந்த மூன்றையும் விதியாகவே வைத்திருக்கிறது. டயாடாக்சிஸ் என்ற மற்றொரு வகுப்பு, கற்போரைக் கைபிடித்து அழைத்துச் செல்லும் பயிற்சிப் பாடத்தையும் சேர்த்து நான்காகப் பிரிக்கிறது. எத்தனையாகப் பிரித்தாலும் ஒன்றை ஒன்றோடு கலக்காமல் இருப்பதுதான் முக்கியம். எங்கள் கையேடுகளின் பெரிய நோய் இந்தக் கலப்படமே. படி மூன்றுக்கும் நான்குக்கும் இடையில் "தரவுத்தளம் என்றால் என்ன" என்று அரைப்பக்கம் வந்துவிடும். விரலைப் பொத்தானில் வைத்துக்கொண்டு நிற்பவர் அதை வாசிக்க மாட்டார். நான்காம் படி எங்கே என்று தேடித் தவறவும் விடுவார்.

அவசரத்தில் வாசிப்பவரை இந்தக் கரையோரத்துக்கு வேறெவரும் விளக்கத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26 கடற்கோளில் இலங்கையிலேயே மிக அதிகமான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். அந்த அழிவின் பின் இலங்கைத் தொண்டர்கள் எழுதியதுதான் சஹானா. காணாமற்போனோர், முகாம்கள், நிவாரணம் ஆகியவற்றைப் பதிவதற்கான அந்தத் திறந்த மூல மென்பொருள் 2006ஆம் ஆண்டுக்கான ஃப்ரீ சொஃப்ட்வேர் பவுண்டேஷனின் சமூகப் பயன் விருதைப் பெற்றது. முகாமில் வரிசை காத்திருக்க, முதல் தடவையாக அப்படியொரு திரையைத் திறப்பவருக்கு வேண்டியது ஐந்து படி கொண்ட செயல் அலகு. அறிமுக அத்தியாயத்தை அவர் அந்த நேரத்தில் புரட்டமாட்டார்.

அடுத்த சொல் "பொருட்குறியீடு". வேர்டில் பொத்தானின் பெயரைத் தடித்த எழுத்தாக்குவோம். கோப்பின் பெயரையும் தடிப்போம், எச்சரிக்கையையும் தடிப்போம். கண்ணுக்கு மூன்றும் ஒன்று. பொருட்குறியீட்டில் தோற்றத்தை எழுதுவதில்லை, அது என்ன என்பதைத்தான் எழுதுகிறோம்: இது பொத்தான், இது கோப்பின் பெயர், இது வாசகர் தட்டவேண்டிய கட்டளை, இது அவரவர் மாற்றி இடவேண்டிய சொல். தொழில்நுட்ப ஆவணங்களுக்கென்றே வகுத்த டொக்புக் என்ற குறிமுறையில் இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அடையாளங்கள் உண்டு. பயன் என்ன? மென்பொருளில் "சேமி" என்பது "பதிவு செய்" என்று மாறினால், பொத்தானாகக் குறிக்கப்பட்ட "சேமி"களை மட்டும் தேடி மாற்றலாம்; வசனங்களில் சாதாரணமாக வரும் "சேமி"யைத் தொடவேண்டியதில்லை. தோற்றத்தை மாற்ற விரும்பினால் ஓரிடத்தில் மாற்றினால் போதும்.

"நல்வடிவம்", "செல்லுபடி" என்ற இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். எக்ஸ்எம்எல் என்பது உரையின் துண்டுகளைத் திறக்கும், மூடும் அடையாளங்களுக்குள் வைத்து எழுதும் முறை. அந்தக் கோப்பில் திறந்த அடையாளம் ஒவ்வொன்றும் ஒழுங்காக மூடப்பட்டிருந்தால் அது நல்வடிவம். அதற்கு மேலாக, விதிக்கோப்பு சொல்லும் ஒழுங்கிலும் இருந்தால்தான் செல்லுபடி. செய்முறை என்று ஓர் அடையாளத்தைத் திறந்து அதற்குள் படி எதையும் வைக்காமல் மூடினால் கோப்பு நல்வடிவமாகத்தான் இருக்கும், ஆனால் டொக்புக்கின் விதிப்படி செல்லாது. இந்தச் சோதனையைக் கணினியே செய்யும் என்பதுதான் கட்டமைப்பு ஆவணத்தின் பெரிய பலம். படிகளே இல்லாத செய்முறை அச்சுக்குப் போகாது.

கருவிகளின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எக்ஸ்எம்எல்லின் முன்னோடியான எஸ்ஜிஎம்எல் 1986இல் சர்வதேச நியமமானது. டொக்புக் 1991இல் தொடங்கியது. 1998இல் எக்ஸ்எம்எல் வந்தபின் அதற்கு மாறியது. ஐபிஎம் நிறுவனத்தில் பிறந்த டிட்டா 2005இல் ஒயாசிஸ் அமைப்பின் நியமமாயிற்று. இவை யாவும் கோணல் அடைப்புக்குறிகளால் நிறைந்த எஸ்ஜிஎம்எல், எக்ஸ்எம்எல் உலகம். இன்னொரு பக்கம் சாதாரண உரையில் சில குறிகளை மட்டும் இட்டு எழுதும் இலகு முறைகள் வளர்ந்தன: 2002இல் அஸ்கிடொக், 2004இல் மார்க்டவுன், பைத்தன் என்ற நிரல்மொழியின் உலகத்திலிருந்து ரீஸ்ட்ரக்சர்ட்டெக்ஸ்ட். கடைசியாகச் சொன்னதை இணையப் பக்கமாகவும் பிடிஎஃப் ஆகவும் மாற்றும் ஸ்பிங்ஸ், பைத்தனின் ஆவணங்களுக்காக 2008இல் வெளிவந்தது. லினக்ஸ் கருநிரல் தன் ஆவணங்களை டொக்புக்கிலிருந்து ஸ்பிங்ஸுக்கு மாற்றத் தொடங்கியது 2016இல். கோஹாவின் கையேடும் அதே வழியில் டொக்புக்கை விட்டு ஸ்பிங்ஸுக்கு வந்தது.

மூன்று நான்கு பேர் சேர்ந்து தமிழில் கையேடு எழுதுவதானால் ஸ்பிங்ஸையே எடுங்கள் என்பது எங்கள் கருத்து. டிட்டா பல பொருள்களுக்குப் பல நூறு பக்கம் எழுதும் பெரிய குழுவுக்கு ஏற்றது. சிறு குழு அதன் விதிகளைப் படிப்பதிலேயே களைத்துவிடும். மார்க்டவுன் கற்பதற்கு மிக எளிது, ஆனால் எச்சரிக்கை, பொத்தான், குறுக்கு இணைப்பு போன்றவற்றுக்குப் பொதுவான குறி அதில் இல்லை. ஒவ்வொரு கருவியும் தன்பாட்டுக்கு ஒன்றைச் சேர்த்திருக்கிறது. ஸ்பிங்ஸிலும் ஒரு குறை உண்டு. டொக்புக்கில் உள்ளது போன்ற விதிக்கோப்பு அதில் இல்லாததால் செயல் அலகில் விளைவை எழுத மறந்தாலும் அது கண்டுபிடிக்காது. அதனால் வெற்று வார்ப்புரு ஒன்றை வைத்து, ஒவ்வொரு புதிய அலகையும் அதைப் படியெடுத்தே தொடங்க வேண்டும்.

கருவியைத் தெரிவு செய்தாயிற்று. தமிழுக்கென்றே சில இடறல்கள் இருக்கின்றன. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இவற்றைப் பற்றி ஒரு வார்த்தை இராது.

முதலாவது வேற்றுமை உருபு. "சேமி" என்ற பொத்தானை இரட்டை நட்சத்திரக்குறிக்குள் வைத்துவிட்டு அதன்பின் "யை" என்று ஒட்டி எழுதினால் ரீஸ்ட்ரக்சர்ட்டெக்ஸ்ட் அதை ஏற்காது. மூடும் குறிக்குப் பின்னால் வெற்றிடமோ நிறுத்தக்குறியோ வரவேண்டும் என்பது அதன் விதி. எழுத்து வந்தால் குறி மூடப்படவில்லை என்று எச்சரிக்கை தந்துவிட்டு நட்சத்திரங்களை அப்படியே பக்கத்தில் காட்டும். பின்சாய்வுக்கோடும் ஒரு வெற்றிடமும் இட்டு ஒட்டலாம், அது சட்டப்படி சரி. ஆனால் எழுதுபவருக்குக் கண் வலிக்கும், மொழிபெயர்ப்பவர் அதை அழித்துவிடுவார். உருபைக் குறியிட்ட சொல்லோடு சேர்க்காமலே எழுதுவதுதான் நல்ல வழி. "சேமி" என்ற பொத்தானை அழுத்தவும். "அறிக்கைகள்" என்பதைத் திறக்கவும். இந்த "என்ற", "என்பதை" இரண்டையும் குழு வழக்கமாக்கிக்கொண்டால் இந்தப் பிரச்சினை எழாது. அஸ்கிடொக்கில் குறியை இரட்டித்தால் சொல்லின் நடுவிலும் செல்லும். அங்கும் நாங்கள் இதே வழக்கத்தையே சொல்வோம்.

இரண்டாவது தலைப்பின் கீழ்க்கோடு. ரீஸ்ட்ரக்சர்ட்டெக்ஸ்டில் தலைப்பை எழுதி அடுத்த வரியில் சமக்குறிகளால் கோடிட வேண்டும். கோடு தலைப்பைவிடக் குறுகக் கூடாது. "கோப்பு" என்று தலைப்பிடுகிறோம். கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினியிடம் அது க, ஓகாரக் குறி, ப, புள்ளி, ப, உகரக் குறி என்று ஆறு துண்டு. புள்ளியைக் கணக்கில் எடுக்காது, மற்ற ஐந்தையும் எண்ணும். மூன்று சமக்குறி இட்டால் அதைத் தலைப்பாகவே கருதாமல் சாதாரண வரியாக்கிவிடும். நான்கு இட்டால் கோடு குறைவு என்று எச்சரிக்கும். எண்ணிக்கொண்டிராமல் எல்லாத் தலைப்புக்கும் நாற்பது குறி கொண்ட கோடு போட்டுவிடுங்கள். நீளம் கூடினால் ஒரு குற்றமும் இல்லை.

மூன்றாவது பகுதிகளின் அடையாளம். ஒரு பகுதிக்கு இணைப்புத் தரக் கருவி தலைப்பிலிருந்து ஒரு முகவரி உண்டாக்கும். தமிழ் எழுத்தை அது கைவிட்டுவிடுவதால் மிஞ்சுவது ஐடி 1, ஐடி 2 என்ற வரிசை எண் மட்டுமே. பக்கத்தின் மேலே புதிய பகுதி ஒன்றைச் சேர்த்த மறுகணம் எண்கள் நகரும். வெளியிலிருந்து "கடவுச்சொல்லை மீட்டல்" என்ற பகுதிக்குக் கொடுத்திருந்த இணைப்பு வேறெங்கோ போய் நிற்கும். எச்சரிக்கையும் வராது. ஆகவே ஒவ்வொரு பகுதிக்கும் மேலே ஆங்கில எழுத்தில் நிலையான சிட்டை ஒன்றை நீங்களே இடுங்கள். ஒருமுறை இட்ட சிட்டையைத் தலைப்பு மாறினாலும் மாற்றாதீர்கள்.

நான்காவது, கண்ணுக்குத் தெரியாத எழுத்து வேறுபாடு. "கொ" என்பதன் உயிர்க்குறியை யுனிக்கோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலும் என இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்று. ஒருவர் ஒரு விசைப்பலகையிலும் மற்றவர் இன்னொன்றிலும் தட்டினால் கோப்பில் இரண்டும் கலக்கும். தேடினால் பாதி கிடைக்கும், பாதி கிடைக்காது. கோப்புகளைச் சேர்க்குமுன் என்எஃப்சி என்ற நியம வடிவத்துக்கு எல்லாவற்றையும் மாற்றும் ஒரு சிறு நிரலை ஓடவிட்டால் இது தீரும். "ஔ"வுக்குப் பதில் ஒகரமும் ளகரமும் சேர்த்துத் தட்டுவதை அந்த நிரல் திருத்தாது. அதற்குக் கண்தான் வேண்டும். "ஸ்ரீ"யும் அப்படித்தான், அதற்கு இருவகைக் குறியீடு உண்டு.

பாமினியில் தட்டிய பழைய கையேடுகளை வைத்திருப்போருக்கு ஒரு வார்த்தை. பாமினி எழுத்துரு ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்து ஏமாற்றும் முறை. மாற்றி மூலம் யுனிக்கோடாக்கும்போது இடையில் உண்மையாகவே ஆங்கிலத்தில் இருந்த கட்டளைகளும் கோப்புப் பெயர்களும் அர்த்தமற்ற தமிழாகிவிடும். மாற்றுமுன் அந்தத் துண்டுகளை வேறு எழுத்துருவில் உள்ளவையா என்று பார்த்துப் பிரித்தெடுங்கள். அதன்பின் பான்டொக் என்ற கருவி வேர்ட் கோப்பை ரீஸ்ட்ரக்சர்ட்டெக்ஸ்டாக மாற்றித் தரும். வேர்டில் தலைப்புகளுக்குத் தலைப்புப் பாணி கொடுத்திருந்தால்தான் அவை தலைப்பாக வரும். வெறுமனே பெரிதாக்கித் தடித்திருந்தால் தடித்த பந்தியாகவே வரும்.

பிடிஎஃப் எடுக்கும்போது அடுத்த தொல்லை. ஸ்பிங்ஸ் அதற்குப் பாவிக்கும் லேடெக்ஸ் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளின் வழக்கமான இயந்திரம் தமிழ் எழுத்தைக் கண்டதும் இந்தக் குறி தனக்குத் தெரியாது என்று நின்றுவிடும். ஸ்பிங்ஸின் அமைப்புக் கோப்பில் இயந்திரத்தை ஸீலேடெக்ஸ் என்று மாற்றி, நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற எழுத்துருவைப் பெயர் சொல்லிக் கொடுக்க வேண்டும். இயந்திரத்தை மாற்றி எழுத்துருவைக் கொடுக்க மறந்து, இருக்கும் எழுத்துருவில் தமிழும் இல்லாவிட்டால் பிழை வராது, தமிழ் இருந்த இடம் வெறுமையாக வரும். பதிவுக்கோப்பில் மட்டும் எழுத்து இல்லை என்று எழுதியிருக்கும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் வரி ஓரத்தைத் தாண்டி ஓடுவதும் உண்டு. தமிழுக்கான சொல்வெட்டு விதிகள் லேடெக்ஸின் அடித்தளமான டெக் தொகுதியில் இருக்கின்றன, மொழியைத் தமிழ் என்று அறிவித்தால்தான் அவை வேலை செய்யும்.

இனிக் கலைச்சொல். 1930களில் சென்னையில் கலைச்சொல்லாக்கக் குழுவுக்குத் தலைமை தாங்கிய சுவாமி விபுலாநந்தர் காரைதீவில் பிறந்தவர். அந்த மண்ணிலிருந்து வரும் கையேட்டில் ஒரே பொருளுக்கு மூன்று சொல் இருப்பது எங்களுக்கு வருத்தமே. க.பொ.த. உயர்தர மாணவன் படிப்பது "பணிசெயல் முறைமை". தமிழ்நாட்டு மொழிபெயர்ப்பிலிருந்து "இயங்குதளம்" வருகிறது. இன்னொருவர் "இயக்க முறைமை" என்கிறார். "பாவனையாளர்", "பயனர்" இரண்டும் ஒரே பக்கத்தில். ஒவ்வொரு சொல்லும் தனித்தனிப் பொருளைக் குறிக்கிறது என்றே வாசகர் நினைப்பார். எந்தச் சொல் அழகு என்று விவாதிப்பது இங்கே தேவையில்லை. எங்கள் மாணவர் பாடநூலில் படித்த சொல்லை வைத்துக்கொண்டு மற்றவற்றைச் சொற்கோவையில் "காண்க" என்று காட்டிவிடலாம்.

ஸ்பிங்ஸில் சொற்கோவைக்கென்று ஒரு பகுதி எழுதலாம். உரையில் ஒரு சொல்லைக் கலைச்சொல்லாகக் குறித்தால் அது கோவையில் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் எச்சரிக்கும். இங்கும் உருபு குறுக்கே வரும். "பாவனையாளருக்கு" என்று குறித்தால் கோவையில் அப்படி ஒரு சொல் இல்லை என்று சொல்லும். காட்டவேண்டிய உருவத்தை முன்னும் மூலச் சொல்லைக் கோணல் அடைப்புக்குள் பின்னும் கொடுத்தால் சரியாகிவிடும். தவிர்க்கவேண்டிய சொற்களைப் பிடிக்க வேல் என்ற சோதனைக் கருவி இருக்கிறது. அதில் "பயனர்" என்று முழுச்சொல்லாக விதி எழுதினால் "பயனருக்கு", "பயனரின்" எதுவும் சிக்காது, ஏனென்றால் உருபு சேரும்போது புள்ளி போய்விடுகிறது. புள்ளியை நீக்கிப் "பயனர" என்று எழுதி, சொல்லெல்லையைப் பார்க்காதே என்ற அமைப்பையும் இயக்க வேண்டும். ஸ்பிங்ஸ் பக்கங்களில் வரும் தேடற்பெட்டியையும் முழுமையாக நம்ப முடியாது: உருபு சேர்ந்த தமிழ்ச் சொற்களை அது சரியாகப் பிடிக்காது. தலைப்பில் சொல்லை வேற்றுமை ஏற்காத வடிவில் வையுங்கள், பின்னிணைப்பில் சொல்லடைவு ஒன்றும் சேருங்கள்.

ஒரே மூலத்திலிருந்து பல வெளியீடு என்பதை "ஒற்றை மூலம்" என்கிறோம். உள்நுழையும் படிகள் இருபது இடத்தில் வருமானால் அவற்றை ஒரு தனிக் கோப்பில் எழுதி இருபது இடத்திலும் சேர்த்துக்கொள்ளலாம். மென்பொருளின் பதிப்பு எண்ணை ஒரு மாறியாக வைக்கலாம். நிர்வாகிக்கு ஒரு பதிப்பு, பணியாளருக்கு ஒரு பதிப்பு என்று நிபந்தனையிட்டுப் பிரிக்கலாம். ஆனால் தமிழில் மீள்பயன்பாட்டுக்கு ஓர் எல்லை உண்டு: முழு வசனத்தையோ முழுப் படியையோ மட்டும் பகிருங்கள். ஆங்கிலத்தில் ஒரு சொற்றொடரை எங்கும் செருகலாம். தமிழில் "நூலகப் பணியாளர்" என்பதை மாறியாக்கி "ஆல்", "உக்கு" என்று பின்னால் ஒட்டினால் "பணியாளர்ஆல்", "பணியாளர்உக்கு" என்றுதான் வரும்.

அம்பாறை மாவட்டத்தில் சிங்கள மொழிக் கையேடும் தேவைப்படும். அதற்காக இரண்டாவது கையேடு எழுதவேண்டாம். ஸ்பிங்ஸ் மூலத்திலிருந்து கெட்டெக்ஸ்ட் என்ற மொழிபெயர்ப்பு முறையில் பந்தி பந்தியாக உரையைப் பிரித்துத் தரும். அதிலிருந்து மொழிக்கொரு பிஓ கோப்பு, அதாவது மூலப் பந்தியும் அதன் மொழிபெயர்ப்பும் அடுத்தடுத்து வரும் கோப்பு, உருவாக்கலாம். மொழிபெயர்ப்பாளர் அதை வெப்லேட் போன்ற தளத்திலோ தன் கணினியிலோ நிரப்புவார். மூலத்தில் ஒரு பந்தி மாறினால் அதன் மொழிபெயர்ப்பு "ஃபஸி" என்று குறிக்கப்பட்டு, திருத்தும்வரை வெளியீட்டில் மூல உரையே வரும். ஃபஸி குறியை மட்டும் நீக்கிவிட்டுப் பழைய உரையை விடுவது பெரிய தவறு. பழைய படியைச் செய்யச் சொல்லும் பக்கம் புதியது போல வெளியே போய்விடும். திரையின் படங்களுக்கு மொழிக் குறியீட்டைக் கோப்பின் பெயரில் சேர்த்தால் ஸ்பிங்ஸ் அந்தந்த மொழிப் படத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். படத்துக்குள் அம்புக்குறியோடு விளக்கம் எழுதாதீர்கள். எண் மட்டும் இட்டு விளக்கத்தைக் கீழே உரையாக எழுதுங்கள்.

கோப்புகளை, மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் என்ற கருவி மூலம் பராமரியுங்கள். ஒரு வரியில் ஒரு வசனம் என்று எழுதினால், எந்த வசனம் மாறியது என்பது ஒப்பீட்டில் பளிச்சென்று தெரியும். முழுப்பந்தியையும் ஒரே வரியாக எழுதினால் ஒரு காற்புள்ளி மாறியதற்கும் பந்தி முழுவதும் சிவப்பாகும். ஸ்பிங்ஸின் எச்சரிக்கையைப் பிழையாகக் கருதும் அமைப்போடு வெளியீட்டை உருவாக்குங்கள். இல்லாவிட்டால் எச்சரிக்கைகள் குவியும், யாரும் வாசிக்கமாட்டார்கள். இணைப்புச் சோதனையை மாதம் ஒருமுறை தனியாக ஓட்டினால் போதும். உரிமத்தைத் தெளிவாக எழுதுங்கள். உரிமம் எழுதாத கையேட்டை மற்றவர் திருத்தச் சட்டம் இடம்தராது. கிரியேட்டிவ் கொமன்ஸின் பெயர் குறிப்பிடல், அதேமுறைப் பகிர்வு உரிமம் கையேடுகளுக்குப் பொருத்தம். ஜிஎன்யூ ஆவண உரிமத்தை எடுத்தால் மாற்றக்கூடாத பகுதி எதையும் சேர்க்காதீர்கள். அத்தகைய பகுதி உள்ள ஆவணம் கட்டற்றதல்ல என்று டெபியன் என்ற லினக்ஸ் திட்டம் 2006இல் முடிவு செய்தது.

வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் உள்ள பல்கலைக்கழகங்களின் கணினித் துறைகளிடமும் வலயக் கல்வி அலுவலகங்களிடமும் எங்கள் வேண்டுகோள் இரண்டு. மாணவரின் இறுதியாண்டுச் செயற்றிட்டமாக மென்பொருள் எழுதுவதை ஏற்பது போலவே, ஏற்கெனவே உள்ள திறந்த மூல மென்பொருள் ஒன்றுக்குச் செல்லுபடியான தமிழ் ஆவணம் எழுதுவதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். சொற்கோவை ஒன்றைப் பொதுவில் வைத்து, மூன்று மொழியிலும், எல்லோரும் திருத்தக்கூடிய சாதாரண அட்டவணைக் கோப்பாகப் பராமரியுங்கள்.

கையேடு ஏற்கெனவே இருப்பவர்கள் முழுவதையும் ஒரேயடியாக மாற்றப் புறப்படவேண்டாம். மேசைக்கு வந்து மக்கள் அடிக்கடி கேட்கும் எட்டுக் கேள்விகளை ஒரு தாளில் எழுதுங்கள். அந்த எட்டையும் செயல் அலகாக்குங்கள். ஒவ்வொன்றையும் அந்த மென்பொருளை முன்பு தொடாத ஒருவரிடம் கொடுத்து, பக்கத்தில் இருந்து வாய் திறக்காமல் பாருங்கள். அவர் நின்ற இடத்தில் ஒரு படி குறைகிறது. ஸ்பிங்ஸ் தரும் இணையப் பக்கங்களை ஒரு கோப்புறையாக பென் டிரைவில் போட்டு, இணைய வசதியில்லாத கணினிகளிலும் திறக்கலாம். உள்ளே இருக்கும் தேடற்பெட்டியும் வேலை செய்யும்.

இங்ஙனம்,
திறந்த மூல மென்பொருள் ஆவணங்களை எழுதித் திருத்துவோர் சிலர்,
மட்டக்களப்பு, கல்முனை.